ஈரல் புழுவும் ஒட்டிய காகிதமும்

அடுகோடியில் நான் வேலை பார்த்துத் தங்கியிருந்த லேத் பட்டறையை மூடிவிட்டார்கள். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆஸ்டின் டவுன் வழியாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு கேட்டின் முன்னால் லக்கேஜ் ஆட்டோ நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா அதிலிருந்து மரத்தூள் மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். டிரைவர் போனில் இருந்தான். நான் மூட்டையை வாங்கித் தோளில் வைத்தேன்.

உள்ளே அந்த அம்மாவின் ஆராய்ச்சிக்கூடம். மரத்தூள் அங்கே வளரும் ஹாம்ஸ்டர் எலிகளுக்குப் படுக்கை. சில எலிகள் சுருண்டு கிடந்தன.

“எலிக்கு என்னம்மா நோவு?”

“நாங்க குடுத்ததுதான்.”

ஆற்று மீனைப் பச்சையாகத் தின்றால் ஒரு புழு ஈரலில் உள்ள பித்தக் குழாயில் போய்த் தங்குமாம். பதப்படுத்திய மீனில் சிலசமயம் ஒரு ரசாயனமும் இருக்குமாம்.

“புழு குழாயைப் புண்ணாக்கி வைக்குது. அதுமேல அந்தக் கெமிக்கலும் சேர்ந்தா கேன்சர் சுலபமா வந்துடுது. இது மத்தவங்க முன்னாடியே பாத்தது. மாத்திரை குடுத்துப் புழுவை முதல்லயே எடுத்துட்டா எலி தப்புமான்னுதான் நான் பாக்கறேன்.”

“தப்புமாம்மா?”

“தப்பணும்னு ஆசை. அதான் தொந்தரவே.”

பல வருட உழைப்பு. ஈரல் துண்டுகள் கண்ணாடிச் சில்லுகளில் தயாராக இருந்தன. மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். எது மாத்திரை தின்ற எலியின் ஈரல் என்று தெரிந்தால் கண் ஆசைப்பட்ட பக்கம் சாயும் என்றார்.

“இங்க வேலை பாக்கற பசங்களை எது எந்த எலின்னு மறைச்சுத் தரச் சொல்லலாமே?”

“அவங்களுக்கு நான் ஜெயிக்கணும். நல்லதா வந்தா அவங்க மூஞ்சியிலயே தெரிஞ்சிடும். உங்களுக்கு எது வந்தா நல்லது?”

“எனக்கு வேலை வந்தா நல்லதும்மா.”

சிரித்துவிட்டார். “அப்ப காலைல வாங்க.”

லேத் பட்டறைகளில் இரும்பைக் கடைந்தவனேதான் அளவு சரியா என்று அளந்தும் பார்ப்பான். தான் கடைந்ததைத் தப்பென்று தானே கழித்துப் போட்டவன் ஒருவனையும் நான் கண்டதில்லை. இந்த அம்மா தன் ஆசைக்கே காவல் போடுகிறார். அன்றிரவு விவேக் நகர் பஸ் நிறுத்தத்தில் படுத்திருந்தபோதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் மைக்ராஸ்கோப் இருந்த அறைக்குப் பக்கத்து அறையில் என்னை உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு சில்லின் ஓரத்திலும் எழுதியிருந்த எலி எண்ணின்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, புது எண் போட்டு, கலைத்து அடுக்க வேண்டும். எல்லாவற்றையும் அவர் பார்த்து முடித்த பிறகுதான் காகிதத்தை உரிக்கலாம். சில்லுகள் அடுக்கிய முதல் தட்டை அவர் மேசையில் வைத்தேன்.

“வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காம போயிடணும். உங்க மூஞ்சியிலகூட எனக்கு எதுவும் தெரியக்கூடாது,” என்றார்.

திரும்பிப் பார்க்காமல் வந்து, அடுத்த தட்டுக்குக் காகிதம் வெட்ட ஆரம்பித்தேன்.