நிக்கல் தொட்டியும் எங்கள் உறவினரும்

எங்கள் அண்ணன் காலமாகி ஒரு வருஷம் நிறைகிறது. இந்த நினைவு மலரில் உறவினர் பலரும் அவருடைய பொறுமையைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பொறுமையைத் தாங்கள் எவ்வளவு தூரம் சோதித்தோம் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள். ஆகவே, தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

அண்ணன் பனமரத்துப்பட்டியில் ஒரு தறிக்காரக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். தறி வேண்டாமென்று பெங்களூர் போய், நிக்கல் முலாம் பூசக் கற்றுவந்து, சூரமங்கலத்தில் ஒரு கொட்டகை பிடித்தார். சைக்கிள் ஹேண்டில்பார் அவருடைய தொட்டியில் முங்கி எழுந்தால் அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். தண்ணீரில் முக்கி எடுப்பதும் ஒரு தொழிலா என்று சிரித்தவர்கள்தான், வேலை பெருகியதும் எல்லாம் தங்கள் ஆசி என்றார்கள்.

யுத்தம் வந்தது, நிக்கல் உப்பு வருவது நின்றது. அந்த உப்பைக் கரைத்துத் தொட்டியில் வைத்திருந்த கரைசல் கெட்டுப்போனால் கொட்டகையை இழுத்து மூட வேண்டியதுதான். அண்ணன் இதை எல்லோரிடமும் சொல்லியிருந்தார். எங்கள் உறவினருக்குக் காது என்பது கடுக்கன் போட மட்டுமே.

அந்த வருஷத்து ஆயுத பூஜைக்குப் பள்ளிபாளையத்துப் பெரியப்பா பரிவாரத்தோடு வந்திறங்கினார். பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் காவிரியில் காசு போடுகிற பழக்கம் அவர்களுக்கு. அண்ணன் வெளியே ஆட்களுக்குப் பொரி கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், லட்சுமி குடியிருக்கும் தொட்டி என்று கும்பிட்டு, ஆளுக்கொரு செப்புக் காலணாவை உள்ளே போட்டு, மஞ்சள் நீரையும் ஊற்றினார்கள்.

விடுமுறை முடிந்து வேலை தொடங்கியபோது ஹேண்டில்பார்கள் கரிச்சட்டி போல வந்தன. முலாம் விரல் பட்டாலே உரிந்தது. பெரியப்பா அரை நிமிஷத்தில் காரணம் கண்டுபிடித்துவிட்டார். பூஜையன்று அண்ணி வீட்டுக்கு விலக்காம். அப்படியிருந்தும் கொட்டகை வாசலில் நின்றாளாம். தொட்டிக்குத் தீட்டுப் பட்டுவிட்டதாம்.

"அந்தத் தண்ணியச் சாக்கடைல ஊத்து. அவள அவங்கப்பனூட்டுக்கு அனுப்பு. அப்பறந்தான் தொழில் வெளங்கும்" என்றார்.

கரைசலைத் தண்ணீர் என்று நினைத்தவர் அதற்கு வைத்தியமும் சொன்னார். தாம் போட்ட காசு அவர் நினைவுக்கே வரவில்லை. வீட்டுப் பெண்கள் அன்றே அண்ணியைத் துணிமணி மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் கரைசலை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஜாடிகளுக்கு மாற்றினார். அடியில் காலணாக்கள் பச்சை பூத்துக் கிடந்தன. யாரையும் திட்டவில்லை. நானாயிருந்தால் திட்டியிருப்பேன். மஞ்சளைப் போக்கக் கரித்தூள் கலந்து, தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, மறுபடி தொட்டியில் ஊற்றினார். கரைந்துபோன செம்பு அதற்கெல்லாம் மசியவில்லை. இரும்புத் தகட்டை நெளிநெளியாக வளைத்துத் தொட்டியில் தொங்கவிட்டு, மின்சாரத்தை மிகவும் குறைத்து ஓடவிட்டார். செம்பு அந்தத் தகட்டில் கருப்பாகப் போய் ஒட்டியது. எடுத்துத் தேய்ப்பார், மறுபடி தொங்கவிடுவார். மூன்றாம் நாள் தகடு வெளுத்து வந்தது. அன்று தொட்டியில் முக்கி எடுத்த ஹேண்டில்பாரும் பழையபடி பளபளத்தது.

காலணாக்களைப் பெரியப்பா முன்னால் வைத்தார்.

"தொட்டியக் கெடுத்தது இதுதானுங்க பெரீப்பா. அவ இல்லீங்க."

பெரியப்பா காசுகளைப் பொறுக்கி மடியில் முடிந்துகொண்டார். தாங்கள் போட்ட காணிக்கையால்தான் தொட்டி பிழைத்தது என்று பள்ளிபாளையம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அவருக்காக இதற்கு மேல் மை செலவழிப்பதற்கில்லை.

அண்ணியும் போகவில்லை, கொட்டகையும் மூடவில்லை. யுத்தம் முடிந்து சில வருஷங்களில் அண்ணன் காய்ச்சலில் படுத்தார்; எழுந்திருக்கவில்லை. இரவு பகல் பாராமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய கொட்டகை ஆட்களுக்கும் எங்கள் நன்றி. நோயில் எட்டிப் பாராமல், பதினாறாம் நாள் பந்திக்கு மட்டும் முதலில் வந்து அமர்ந்த உறவினருக்கும் நன்றி.

அண்ணிக்குத் தனியே ஒரு நன்றி உண்டு. கடைசி நாட்களில் ஒரு காலை அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, அன்னிக்கு அவள மூட்டை கட்டச் சொன்னது யாரு? நீயா?"

"நானில்லீங்கண்ணா" என்றேன்.

சொன்னது நான்தான். அண்ணி கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்திலேயே நின்றிருந்தார். அண்ணனின் தலையை நிமிர்த்திப் பிடித்து, கஞ்சியைப் புகட்டினார்.