மலை ஜீப்புக்கு எத்தனை இஞ்சு குழாய்?

வண்டி பழுது பார்க்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு. நம்முடைய அறியாமையை முதலில் கண்டுபிடிப்பது வண்டிதான், அதற்கு வாய் கிடையாது. ஆனால் டிரைவருக்கு உண்டு. கருங்கல் சந்தைக்குப் பின்னால் எனக்கு ஓர் ஓலைக் கொட்டகை. பகலெல்லாம் ஓடிய வண்டிகள் அந்தியில் வரும், விடியுமுன் போக வேண்டும். ஆகவே ஊர் பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில் நான் தூங்குவேன், ஊர் தூங்குகிற நேரத்தில் இரும்போடு பேசுவேன். உங்களில் இப்படி வேலை பார்க்கிறவர்கள் இருந்தால், நான் சொல்லாமல் விடுவதும் உங்களுக்குப் புரியும்.

விரல் கணக்கு

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் போட்ட ஜீப்புகளில் ஒன்றை எங்களூர் வியாபாரி ஒருவர் எடுத்தார். பீருமேட்டு மலைப்பக்கம் அவருக்கு ஒரு தேயிலைத் தோட்டம். அந்த ஜீப்புக்கு டிரைவர் தங்கையன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கருவாடும் மருந்தும் தட்டுமுட்டும் ஏற்றிப்போக இறங்கி வருவான். சனிக்கிழமை சாயங்காலம் வருவான், ஞாயிறு ஆராதனைக்குப் போவான், திங்கள் விடியப் புறப்படுவான். தோட்டத்துக்கு முந்தின கடைசி ஏற்றத்தில், பாரம் இருந்தால் வண்டி நின்றுவிடுகிறது என்றான்.

நான் மலையைப் பார்த்தவனில்லை. கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை அகராதி வைத்துப் படித்ததில், உயரம் போகப் போகக் காற்று மெலியும் என்று தெரிந்துவைத்திருந்தேன். மூச்சு முட்டுகிறவன் வாயை அகலத் திறப்பான் அல்லவா? வண்டிக்கும் அதுதான் என்று தீர்மானித்தேன். இருந்த புகைக்குழாய் ஒன்றரை இஞ்சு. இரண்டு விரல் நெருக்கி நுழையும். ஒன்றேமுக்கால் போட்டேன். மண்டைக்காட்டுக் கடல் மணலை ஈரம் போக வறுத்து, குழாய்க்குள் இடித்து நிரப்பி, இரண்டு வாயையும் மரக்கட்டையால் அடைத்து, சிரட்டைக்கரியில் பழுக்கக் காய்ச்சித்தான் வளைப்போம். மணல் இல்லாவிட்டால் வளைவில் நசுங்கிப்போகும். தங்கையன் ஒரு பழைய டயரில் உட்கார்ந்து, அட்டைப்பூச்சியையும் மூடுபனியையும் தன் மூன்று பெண்பிள்ளைகளையும் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தக் கொட்டகையில் மனுஷக்குரல் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. பதினைந்து நாள் கழித்து வந்தவன், குழாய்க்குள் விரலை விட்டுக் காட்டினான்.

"ஆசானே, விரலு இப்பம் தாராளமா போவுது. வண்டிதான் போவல்ல."

ரெண்டு இஞ்சு

அகலம் போதவில்லை என்று நினைத்து இரண்டு இஞ்சு போட்டேன். புதுக்கடைக்குப் போகிற ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். வண்டி பறந்தது. அது போட்ட சத்தத்தில் கடைக்காரர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மலைக்குப் போட்ட குழாயைக் கடலுக்குப் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கிறோமே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

அடுத்தமுறை வந்தபோது தங்கையன் டயரில் உட்காரவில்லை. அதே ஏற்றத்தில் ஆறு பேர் தள்ளித்தான் வண்டி ஏறியதாம். மழைக்காலத்துக்கு முன்னால் இது பாரத்தோடு ஏறாவிட்டால் ஜீப்பை விற்றுவிட்டுப் பொதிக்குதிரை வாங்கிவிடுவேன் என்று தோட்டத்து மேலாள் சொல்லிவிட்டாராம். குதிரைக்கு எதற்கு டிரைவர்? வேலை போனால் தோட்டத்து லயம் என்கிற வரிசைவீட்டில் கொடுத்திருக்கிற ஒற்றை அறையும் போகும். இதையெல்லாம் அவன் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சாயா கொண்டுவந்த கடைக்காரன் கொச்சப்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

"ஓய் ஆசானே, உமக்க சத்தம் மலைக்குப் போய்ச் சேந்துட்டு. வண்டிய எப்பம் அனுப்பப் போறீரு?"

மேலே

அந்தத் திங்கட்கிழமை கொட்டகையை அடைத்துவிட்டு நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். முழுப் பகல் ஒன்றை விழித்திருந்து பார்த்து வருஷங்களாகியிருந்தன, கண் கூசியது. கடைசி ஏற்றம் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் இறங்கிப் பின்னால் நடந்தேன். குழாய் வாயில் கையை நீட்டினேன். உள்ளங்கை கருத்துப்போனது. புகையோ, பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்கள் மாதிரி சாவகாசமாக வந்தது.

அங்கேயே விளங்கிவிட்டது. காற்று குறைகிறது, பெட்ரோல் மட்டும் கடலோரத்தில் வருகிற அளவுக்கே வருகிறது. எரியாத மிச்சம்தான் கையில் ஒட்டிய கரி. அது கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற ஜெட் என்கிற துளைத்திருகின் கோளாறு, குழாயின் கோளாறு அல்ல. ஊர்ந்து ஏறும்போது புகைக்கு இருந்த கொஞ்சநஞ்ச வேகத்தையும் நான் குழாயை அகட்டிக் கெடுத்துவிட்டேன். ஒரு பழுதோடு வந்த வண்டியை இரண்டு பழுதோடு அனுப்பியிருந்தேன். தங்கையனிடம் ஒளிக்காமல் சொன்னேன். வண்டியைத் தள்ள வந்தவர்களோடு அவன் மனைவியும் பாலில்லாத கட்டன்சாயா எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். எனக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"குழாய் வலுதா சிறுசான்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. சட்டிபானைய எடுத்துக் கெட்டணுமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க."

பழைய அளவு

மழைக்கு முந்தின கடைசி நடைக்குத் தங்கையன் வந்தான். நான் முதலில் கழற்றிப்போட்ட ஒன்றரை இஞ்சுக் குழாய் மூலையில் கிடந்தது. துரு நீக்கி அதையே மாட்டினேன். பிறகு ஜெட். அதேபோல் இன்னொரு பழைய ஜெட்டை எடுத்து, அதன் துளையை ஈயம் ஊற்றி அடைத்து, கடிகாரக்காரரிடம் இரவல் வாங்கிய துளையூசியால் இன்னும் சிறிதாகத் திறக்க வேண்டும். மலையேறுமுன் அடிவாரத்தில் இதை மாட்டவேண்டும்; இறங்கியதும் வண்டியில் முதலில் இருந்ததை மாட்டவேண்டும்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். துளையை ஒரு மயிரிழை பெரிதாக விட்டாலும் வண்டி எப்படியோ ஏறிவிடும். ஆனால் முனகும். முனகினால் தங்கையன் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அந்த டயரில் வந்து உட்காருவான். ஈயம் ஆறுகிற வரைக்கும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் தன் இரண்டாவது மகளுக்குப் பல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வீட்டுச் சட்டிபானை நினைவுக்கு வந்தது. துளையைச் சரியான அளவில் போட்டேன். ஜெட்டைக் கழற்றி மாட்டவும் அவனுக்குக் காட்டிக்கொடுத்து, மூன்று தடவை அவன் கையாலேயே செய்யவைத்தேன். மூன்றாவது தடவை என்னைவிட வேகமாகச் செய்தான். ஸ்பானரைத் துடைத்து என்னிடம் நீட்டினான்.

"இனி உமக்குத் தொந்தரவு இல்ல ஆசானே. எனக்க கையே போதும்."

மழை தொடங்கி, முடிந்தும்விட்டது. முழுப் பாரத்தோடு ஜீப் தள்ளாமல் ஏறுகிறது என்று வியாபாரியின் கணக்கப்பிள்ளை சொன்னார். தங்கையன் இப்போதும் பதினைந்து நாளைக்கொருமுறை சந்தை வழியாகப் போகிறானாம். எனக்குத் தெரிவதில்லை, இரண்டு இஞ்சுக் குழாயாக இருந்தால் புதுக்கடையில் வரும்போதே கேட்டிருக்கும்.

வருகிற வண்டியையெல்லாம் ஒருவாறு சரிபார்த்து அனுப்பிவிடுகிறேன், சனிக்கிழமை சாயங்காலம் ஆனதும் அந்தப் பழைய டயரைத் துடைத்துப் போடுகிற என்னுடைய பழுதுக்குத்தான் எத்தனை இஞ்சு குழாய் என்று இன்னும் பிடிபடவில்லை.