அருளப்பன் இருமவில்லை

தொண்ணூற்றேழு டிசம்பரில் டாக்டர் சொன்னார்: குரல்வளையில் புற்று, பத்து நாளில் அதை எடுத்தாக வேண்டும், பிறகு பேச முடியாது. எனக்கு அறுபத்தாறு வயது. சாகப் பயமில்லை. ஆனால் ஒரு உண்மை இருபத்தாறு வருடமாக என்னிடம் சொல்லப்படாமல் கிடந்தது. இனி அது என்னோடு போய்விடும் என்று சாந்தோம் கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

நம் செபக் கூட்டத்தில் பலமுறை சாட்சி சொல்லியிருக்கிறேன். எழுபத்தொன்று போரில் பனிமலை உச்சியில் எதிரியின் அரணைப் பிடித்தோம், ஆண்டவர் என்னைக் காத்தார் என்று. நீங்களும் ஆமென் சொன்னீர்கள். நான் மறைத்த பாதி இது.

எங்களுடையது தேர்ந்தெடுத்த கமாண்டோ படை. நான் மேஜர். செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி ஏறி, விடியும்போது பாய வேண்டும். சிறு சத்தமும் எல்லோரையும் கொன்றுவிடும். இருமல் உள்ளவன் கீழேயே நிற்க வேண்டும் என்று நானே உத்தரவிட்டேன். இரண்டு பேர் கெஞ்சினார்கள், நிறுத்திவைத்தேன். எனக்கும் இருமல் இருந்தது. மேஜரை யார் சோதிப்பார்கள்? நான் இல்லாமல் என் படை மேலே போவதை என் கர்வம் பொறுக்கவில்லை. வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு ஏறினேன்.

என் வயர்லெஸ் ஆள் அருளப்பன், சாந்தோம் குப்பத்துக்காரன். கயிற்றைப் பிடிக்கும் முன், "இந்தக் குளிர்ல வலை போட்டா ஐஸ் வாங்கவே தேவயில்ல சார்" என்று சிரித்தான்.

எதிரியின் பதுங்குகுழிக்கு இருபதடி கீழே இருமல் வந்தது. கையுறையைக் கடித்தேன். அடங்கவில்லை. இருமிவிட்டேன்.

மேலிருந்து சுட்டார்கள். ஏழு பேர் விழுந்தார்கள். அருளப்பன் என் தோளில் சாய்ந்தான். மதியத்துக்குள் மற்றவர்கள் அரணைப் பிடித்துவிட்டார்கள். "இருமினது யாரு சார்?" என்று ஹவில்தார் கேட்டார். அவர் பார்வை அருளப்பனின் உடல்மேல் இருந்தது. 'ஆண்டவரே, நான் என்று தெரியக்கூடாது' என்று செபித்தேன். வாய் திறக்கவில்லை.

எனக்குப் பதக்கம். அவனுக்குப் பழி. படையிலிருந்து விடுப்பில் வந்த ஒருவன் அந்தப் பேச்சைக் குப்பம்வரை கொண்டுவந்துவிட்டான். இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும் கல்லறைத் திருநாள் பூசையில் அருளப்பன் பெயர் வந்தபோது பின்னாலிருந்து யாரோ வேண்டுமென்றே இருமிக் காட்டினார்கள். அதன்பின் அவன் மனைவி செலின் பெயர் கொடுப்பதையே விட்டுவிட்டாள்.

ஓய்வு பெற்று மயிலாப்பூருக்கு வந்தபின் செலினிடம்தான் மீன் வாங்குவேன். ஒருநாள் இடத் தகராறில் பக்கத்துக் கடைக்காரி கத்தினாள்: "போடி, உன் புருஷன் ஒரே இருமல்ல ஏழு பேர காவு குடுத்தவன்தான!" செலின் என் மீனை நிறுத்துப் போட்டாள். நான் வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

டாக்டர் சொன்ன மறுநாள் குரல் அடைத்துப்போனது. ஆறு நாள் வெறும் காற்றுதான் வந்தது. "ஒரே ஒருமுறை குரல் கொடும்" என்று கேட்டேன். நம்பிக்கையோடு கேட்டேன் என்றால் அது பொய். ஏழாம் நாள் காலை கரகரவென்று குரல் வந்தது. நேராக மீன்கடைக்குப் போய்ச் செலினிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

செதில் சுரண்டிய கை நின்றது. "அவருக்கு இருமலே கெடையாது. எனக்குத் தெரியாதா? என்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? தோ, இவளுங்ககிட்ட சொல்லு. சத்தமா சொல்லு."

கடைகளுக்கு நடுவே நின்று கத்தினேன்: "அருளப்பன் இருமல. இருமினது நான்." மூன்று முறை சொல்லவைத்தாள். மூன்று முறையும் குரல் இருந்தது. பக்கத்துக் கடைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மன்னிச்சுடுன்னு மட்டும் கேக்காத. போ" என்றாள் செலின்.

இப்போது எனக்குக் குரல் இல்லை, இந்தச் சாட்சியை எழுதித்தான் தருகிறேன். பதக்கத்தைத் திருப்பி அனுப்பினேன், பதில் இல்லை. செத்தவர்கள் செத்தவர்கள்தான். செலின் மீனை நிறுத்துப் போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை. ஆனால் இந்தக் கல்லறைத் திருநாளில் அவள் பெயர் கொடுத்திருந்தாள். சாமியார் அருளப்பன் என்று வாசித்தார். அவ்வளவு பெரிய கோயிலில் ஒருவரும் இருமவில்லை.

மலைமேல் செய்த செபத்தை ஆண்டவர் கேட்டார் என்று சொல்லத் துணியமாட்டேன். அங்கே வாயை மூடிக்கொண்டவன் நான்தான். குரல் கேட்ட செபத்துக்குப் பதில் தந்தவர் அவரே. அவருக்கு நன்றி. உங்களிடமும் சொல்லாத ஒன்று இருந்தால், அதைச் சொல்லக் குரல் கேளுங்கள். கொடுப்பார். கொடுத்த அன்றே போய்ச் சொல்லிவிடுங்கள்.