உருவி எடுத்த முதல் பக்கம்

அந்தத் தெருவில் புத்தகம் கட்டுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தாலும், பைண்டர் அக்கா என்றால் ஒருத்திதான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் அவள் கட்டிய புத்தகத்தில் ஒரு மூலைகூட நூலளவு கோணாது. தம்பி என்றால் அவளுக்கு உயிர். "என் தம்பி கதை எழுதறான்" என்று தெரு பெருக்குகிறவர் வரை சொல்லி வைத்திருந்தாள்.

தம்பி எழுதியது துப்பறியும் கதை. ஆனால் அதில் வரும் காது கேளாத துப்பறிவாளர் அவன் படைத்தவர் இல்லை. ஒரு பெரிய எழுத்தாளர் பல நாவல்களில் வளர்த்த ஆள். ஓய்வு பெற்றபின் அவர் என்ன செய்திருப்பார் என்று தம்பி ஆசைக்கு எழுதிப் பார்த்தான். நண்பர்களுக்குப் படிக்கக் கொடுத்ததோடு சரி. முதல் பக்கத்தில், 'இந்தத் துப்பறிவாளர் என்னுடையவர் அல்ல. இது விற்பனைக்கும் அல்ல' என்று எழுதி, அந்த எழுத்தாளரின் பெயரையும் போட்டிருந்தான்.

அக்காவுக்கு அந்தப் பக்கம் தொண்டையில் சிக்கிய முள்.

"எழுதினது நீ. எதுக்குடா வாசல்லயே கும்பிடு போடற?"

"கும்பிடு இல்லக்கா, மரியாதை."

அவன் பிறந்தநாளுக்கு அவனிடம் சொல்லாமலே கதையை அச்சுக்குக் கொடுத்தாள். வந்த தாள்களில் அந்த முதல் பக்கத்தை மட்டும் ஒவ்வொன்றாக உருவினாள். எதையும் வீணாக்காத கை. பசை தடவும்போது அடியில் விரிக்க அவற்றை வைத்துக்கொண்டாள். அட்டையில் தம்பியின் பெயரைப் பொன்னெழுத்தில் பதித்து, எதிர்ப்புறப் புத்தகக் கடையில் விற்பனைக்கு வைத்தாள். கடையில் அதைப் பார்த்த தம்பி ஓடிவந்தான். "எடுத்துடுக்கா" என்றான். "போடா கூச்சக்காரா" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் கடைக்காரர் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். கையில் புத்தகத்தோடு அந்த எழுத்தாளரே நின்றிருந்தார்.

"நீதானா? நல்லாத்தான் எழுதியிருக்கே. அதான் இன்னும் வலிக்குது. நான் பெத்த புள்ளைய உன் பேர்ல விக்கறியே, இதுக்குப் பேரு என்னப்பா?"

சிறு வயதிலிருந்து தம்பி பார்க்க ஏங்கிய மனிதர். முதல் சந்திப்பிலேயே திருட்டுப் பட்டம். அவன் அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

"தப்பு என்னோடதுதான் ஐயா."

அக்கா வாயை மூடிக்கொண்டால் தப்பிக்கலாம். ஆனால் அவன் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தெருவைக் கடந்து தன் பட்டறைக்கு ஓடி, பசை காய்ந்து மொடமொடத்த ஒரு தாளோடு திரும்பினாள்.

"அவன் போட்டிருந்தான் ஐயா. நான்தான் உருவினேன். விக்க வச்சதும் நான்தான்."

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "பசை தடவத்தான் லாயக்குன்னு நெனச்சியாக்கா?" கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் எரிந்தது.

எழுத்தாளர் பொறுமையாகப் படித்தார். "இது இருந்திருந்தாலும் என்னைக் கேக்காம விக்க முடியாதும்மா. சட்டம் அப்படி. எல்லாத்தையும் எடுத்துடுங்க." பிறகு தம்பியின் தோளைத் தொட்டார். "உன்னைத் திருடன்னு நெனச்சதுக்கு மன்னிச்சுக்கப்பா."

பட்டறையில் புத்தகங்களை இறக்கி வைத்தபோதுதான் தம்பி வாய் திறந்தான்.

"அவரைக் கேக்கலைங்கறது இருக்கட்டும்க்கா. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அவள் கத்தியை எடுத்துத் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். லேசில் வரவில்லை, அவ்வளவு இறுக்கமாகத் தைத்திருந்தாள்.