பொட்டு வைத்த பீரங்கிக் கூண்டு

இரும்பைப் பற்றிக் கல்யாணசுந்தரத்துக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சென்னை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து மேஸ்திரியாக உயர்ந்தவர். எழுபதுகளின் நடுவில் மெல்போர்னுக்கு வந்து, வில்லியம்ஸ்டவுன் கடலோரத்தில் ஒரு கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய இரும்புக் கவசப் போர்க்கப்பல் ஒன்றை, வயசானதும் அலைத்தடுப்பாக விரிகுடாவில் மூழ்கடித்திருந்தார்கள். அதில் பீரங்கி இருந்த வட்டக் கூண்டை மட்டும் கிரேன் வைத்துத் தூக்கி வந்து, வீடு அளவுத் தொட்டியில் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் அமிழ்த்தியிருந்தார்கள். மெல்லிய மின்சாரம் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். இரும்புக்குள் ஊறிய கடல் உப்பு அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அதற்கு வருஷக்கணக்காகும்.

"இது காயவே கூடாது, சுந்தர். காய்ந்தால் உதிர்ந்துவிடும்" என்று மேலாளர் மக்கின்டயர் முதல் நாளே சொன்னார். கல்யாணசுந்தரம் தலையாட்டினார். இரும்பைத் தண்ணீரில் போட்டுக் காப்பாற்றுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று எங்களிடம் வந்து சிரித்தார். அப்போது மெல்போர்னில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் நாலோ ஐந்தோதான். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வார இறுதியில் வந்தது. கொட்டகையில் அவர் மட்டும்தான். சென்னைப் பட்டறையில் அன்றைக்கு எந்த இயந்திரமும் ஓடாது. கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தால், மறுநாள் காலைப் பூஜை முடிகிறவரை யாரும் கை வைக்க மாட்டார்கள். அவர் இங்கேயும் அதையே செய்தார். மின்சாரத்தை நிறுத்தினார். தொட்டியை வடித்தார். கூண்டை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, புது வேட்டியால் ஈரம் போகத் துடைத்தார். கூண்டின் முகப்பில் நங்கூரம் பொறித்த வார்ப்பு முத்திரை ஒன்று உண்டு. அதன்மேல் பெரிதாகப் பொட்டு வைத்தார்.

எங்கள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். சுண்டல் கொண்டுவந்த அவர் மனைவி வேதவல்லிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"ஏங்க, காயக் கூடாதுன்னு உங்க துரை சொன்னாரே?"

"ஒரு ராத்திரியில என்ன ஆயிடப்போகுது? நான் பார்க்காத இரும்பா?"

இரவு முழுக்க வடக்கிலிருந்து சூடான காற்று அடித்தது. காலையில் அவரும் வேதவல்லியும் கதவைத் திறந்தபோது கூண்டு முழுக்க ஆரஞ்சு நிறத்தில் சொட்டுச் சொட்டாக வேர்த்திருந்தது. இரும்பு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்திருந்தது. முத்திரை தரையில் விழுந்து உடைந்து கிடந்தது. குங்குமம் மட்டும் கலையவில்லை. அவர் அவசர அவசரமாகத் தொட்டியை நிரப்பினார்.

திங்கட்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனார். மக்கின்டயர் உடைந்த துண்டைக் கையில் வைத்துப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது உங்கள் மத வழக்கமா?" என்று கேட்டார்.

"ஆமாம் சார்" என்றார் கல்யாணசுந்தரம். சொல்ல வந்த உண்மையை அந்தப் பதிலுக்குள்ளேயே ஒளித்துக்கொண்டார்.

மக்கின்டயர் நல்ல மனிதர். பாவம், அவனுடைய நம்பிக்கை, நாம்தான் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று கப்பலைப் பாதுகாக்கும் குழுவிடம் வாதாடி வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தார். குழு கதவில் ஒரு பலகை மாட்டியது. இங்கே மதச் சடங்குகள் செய்யக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

அதைத் தாண்டித்தான் தினமும் அவர் உள்ளே போக வேண்டும். எங்களைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டுபோன வேதவல்லி பலகையைப் படித்தார்.

"சாமியா உங்களைத் தண்ணியை வடிக்கச் சொல்லுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

 கல்யாணசுந்தரம் சாப்பாட்டைத் தொடாமல், பையும் கையுமாக எழுந்து மக்கின்டயரிடம் போனார்.

"சார், மதம் இல்லை. பூஜையை ஒரு பூ வைத்தும் முடித்திருக்கலாம். காயக் கூடாது என்று நீங்கள் சொன்னீர்கள். உங்களைவிட எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அந்தப் பலகையை எடுத்துவிடுங்கள்."

மக்கின்டயர் அவரை நேராகப் பார்த்தார். "நம்பிக்கையால் செய்தாய் என்று சொல்லித்தான் உன்னை வைத்துக்கொண்டேன், சுந்தர். இனி எப்படி வைத்துக்கொள்வது?"

"தெரியும் சார்."

மக்கின்டயரே திருப்புளி கொண்டுவந்து பலகையைக் கழற்றினார். பிறகு சாவிக்காகக் கையை நீட்டினார்.

வேதவல்லி வாசலிலேயே நின்றிருந்தார். "வேலை?"

"போச்சு."

"பலகை?"

"எடுத்துட்டார்."

"அப்ப சரி. வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

அவர் நகரவில்லை. தலையும் நிமிரவில்லை. "சாமி மேல இருந்த பழி போச்சு, வேதா. கடல் அத்தனை வருஷம் வச்சிருந்ததை நான் ஒரே ராத்திரியில உடைச்சுட்டேனே. அதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

வேதவல்லி அவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டார்.