முதல் ட்ரெயினும் தேவிகாவின் தூக்கமும்

ஆண்டர்சன்பேட்டையில் அக்குபிரஷர் அறை திறந்த புதிதில் என்னிடம் முழங்கால் வலிக்காரர்கள்தான் வருவார்கள். தூக்கம் வரவில்லை என்று வந்த முதல் ஆள் தேவிகா. பி.யூ.சி. இரண்டாம் வருடம், சயின்ஸ். மாடல் எக்ஸாமில் பேப்பர் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். கூட வந்த அப்பா பெருமாள், பெங்களூரில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். உள்ளே வராமலே சொன்னார்:

“ராத்திரியெல்லாம் முழிச்சிக்கினு கீறா. பெயிலானா கார்மெண்ட்ஸ் வேலைக்குத்தான் அனுப்புவேன். நீங்க இன்னா பாயின்ட் அமுக்கணுமோ அமுக்குங்க மேடம்.”

முதலில் டாக்டரிடம் அனுப்பினேன். உடம்பில் கோளாறு இல்லை என்றார். அப்புறம்தான் கை வைத்தேன். மணிக்கட்டு ரேகையில் சுண்டுவிரல் பக்கத்துப் பள்ளம், காதுக்குப் பின்னால் எலும்பை ஒட்டிய இடம், புருவ மத்தி. மெதுவாக, மூச்சோடு சேர்த்து அழுத்தினால் என் மேஜையிலேயே கொட்டாவி விடுவாள். வீட்டுக்குப் போனால் பழையபடி முழிப்பு. எனக்கு ரோஷமாகிவிட்டது. டிப்ளமோ நோட்ஸை முழுக்கப் புரட்டினேன். அதில் விடை இல்லை.

விடை அவள் அம்மாவிடம் இருந்தது. ஒருநாள் நான் மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருக்கையில் அவர் பெருமையாகச் சொன்னார்: “எங்க லைனுக்கே இவதான் மேடம் அலாரம். இவ கதவ தட்டலன்னா ஒருத்தரும் ட்ரெயின் புடிக்க மாட்டாங்க.”

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம், மைன்ஸ், ஓடியவரை ஷிஃப்டுக்குச் சங்கு ஊதி ஊரை எழுப்பியது. மூடிய பிறகு, சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய கோரமண்டல் லைன் வீடுகளில், முதலில் முழித்தவர் மற்றவர் கதவைத் தட்டுவது வழக்கமானது. விடியுமுன் கிளம்பும் பெங்களூர் ட்ரெயினை விட்டால் அன்றைய வேலை போச்சு. படிக்கிற பெண் எப்படியும் முழித்திருப்பாள் என்று அந்த வேலையை தேவிகா தலையில் கட்டியிருந்தார்கள்.

அம்மா ‘ட்ரெயின்’ என்றதும், தளர்ந்திருந்த கை என் கட்டைவிரலுக்கடியில் கம்பி மாதிரி விறைத்தது.

“தூங்கிட்டா எல்லாருக்கும் லீவாயிடுமேக்கா,” என்றாள் தேவிகா.

ஞாயிற்றுக்கிழமை நேராக அவர்கள் லைனுக்கே போனேன். குழாயடியில் ஆண்கள் கூடியிருந்தார்கள், பெருமாளும் இருந்தார்; தேவிகா குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“போன்ல அலாரம் வைக்கலாமேண்ணா?”

“அத்த அமுக்கிட்டு தூங்கிடுவோம் மேடம்,” என்றார் பக்கத்து வீட்டு முனுசாமி. “பாப்பா விடாது. பேரச் சொல்லிக் கூவி மானத்த வாங்கும்.” எல்லோரும் சிரித்தார்கள்.

“பெயிலானா அவளும் அதே ட்ரெயின்லதான் கார்மெண்ட்ஸுக்கு வருவா. அதுக்குத்தான் எழுப்பச் சொல்றீங்களா?”

சிரிப்பு நின்றது. பெருமாள் மகளைப் பார்த்தார். “இந்த வாரம் நான் தட்டுறேன்,” என்றார். அடுத்த வாரத்துக்கு முனுசாமி கை தூக்கினார்.

இரண்டு நாள் கழித்து, பெங்களூரில் இருக்க வேண்டிய நேரத்தில் பெருமாள் என் அறை வாசலில் நின்றார்.

“தூங்கிட்டேன் மேடம். லைனே தூங்கிடுச்சு. ஒருத்தனும் வேலைக்குப் போவல.”

“தேவிகா?”

“அதுவும்தான். குலுக்கிப் பார்த்தேன், அசையவேயில்ல, அப்புடித் தூக்கம்.” கோபமாகச் சொல்லப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. “எழுந்திரிக்க எதனா பாயின்ட் கீதா?”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

கதவு தட்டும் முறை அப்புறமும் ஆண்களிடமே இருந்தது. தேவிகா பாஸ். இப்போது பி.எஸ்ஸி. படிக்கிறாள். என் கட்டைவிரலுக்கும் அதில் பங்கு உண்டு, விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: பாயின்ட்டைத் தேடுவதற்கு முன்னால், இந்தப் பிள்ளை யாருக்காக முழித்திருக்கிறது என்று கேளுங்கள்.