அண்ணி எடுத்த படிப்பு

தாய்மாமனைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஓர் ஆட்டுக்குட்டிகூட வாங்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் என் அண்ணி தானாகவே ஒரு முடிவெடுத்தார்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்த அண்ணி, பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வேலை பார்த்தார். அரியலூரிலிருந்து தினமும் பஸ். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வீடு வந்து சேரும்போது தலையெல்லாம் வெள்ளைப் புழுதி. “அதுக்குள்ள நரைச்சிருச்சா அண்ணி?” என்று நான் கேலி செய்வேன்.

எம்.எஸ்சி. படிக்கப்போகிறேன் என்று அவர் சொன்னதும் வீடு பூரித்துத்தான் போனது. காலேஜில் பாடம் நடத்தலாம், நைட் டூட்டி கிடையாது, வெளிநாடு போகலாம். மாமா தா.பழூரிலிருந்து யோசனையோடு வந்து இறங்கினார்.

“பிரசவம், இல்லாட்டி குழந்தைங்க, இதுல ஒண்ணை எடுத்துக்கம்மா. உலகத்துல புள்ள பொறக்கிற வரைக்கும் வேலைக்குப் பஞ்சமில்ல.”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அண்ணி அவர் கையில் காபியைக் கொடுத்துவிட்டு, “மனநல நர்சிங் எடுக்கிறேங்க பெரியப்பா” என்றார். மாமாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “பைத்தியக்கார ஆஸ்பத்திரி வேலையா? நாளைக்கு மத்த புள்ளைங்களுக்கு யாரு சம்பந்தம் பேச வருவா?”

மற்ற பிள்ளை என்றது என்னைத்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அண்ணிக்குக் குரல்கூட உயரவில்லை.

“பூச்சிமருந்து குடிச்சிட்டாங்கன்னு தூக்கிட்டு வர்றவங்க எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொல்றாங்க. வயித்து வலி தாங்கலையாம். நாங்களும் அப்படியே எழுதிக்கிட்டு, காப்பாத்தி அனுப்புறோம். அப்படி அனுப்பின ஒரு பொண்ணு போன மாசம் திரும்பி வந்துச்சு. நெசமா எங்க வலிக்குதுன்னு கேக்க எனக்குத் தெரியல, பெரியப்பா.”

அந்தப் பெண் பிழைத்தாளா என்று நான் கேட்டேன். அண்ணி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மாமா சாப்பிடாமலே கிளம்பினார். அம்மா அழுதார். சிமெண்ட் ஆலையில் ஃபிட்டராக இருக்கும் அண்ணன் வாய் திறப்பதே அபூர்வம். அன்று திறந்தார். “அது பாக்குற வேலை. அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?” அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அண்ணி படித்து முடித்தார். இப்போது நர்சிங் காலேஜில் ஆசிரியை. மாணவிகளை வார்டுக்கு அழைத்துப் போய் அவர் முதலில் சொல்லித்தருவது, ஸ்டூல் இழுத்துப்போட்டு உட்காருவதை. நின்றுகொண்டு கேட்டால் யாரும் மனம் திறக்க மாட்டார்களாம். தெருவில் யாராவது கிண்டல் செய்தால், “நோயாளிங்களுக்கு நம்ம தெருவே போதும் எனக்கு, வெளியூர் போகவே வேணாம்” என்று சிரிப்பார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் மாமா. பின்னால் அவர் மகள், பாதியாக இளைத்து, தலை குனிந்து நின்றாள்.

“பாப்பாவுக்கு ரொம்ப நாளா வயித்து வலிம்மா. டாக்டருங்க ஒண்ணும் இல்லேங்கிறாங்க.” என்றார் மாமா.

அம்மா ஓமத்தண்ணீர் போட எழுந்தார். அண்ணி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு அந்தப் பெண்ணை அறைக்குள் அழைத்துப் போய், ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அண்ணியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

மாமா வாசற்படியில் போய் உட்கார்ந்தார். நேரம் ஆக ஆக உள்ளேயிருந்து அழுகை கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். “என்னங்க, ரொம்ப நாளா ஆளையே காணோம். என்ன விசேஷம்?”

வயிற்று வலி என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“பொண்ணுக்கு மனசு சரியில்லைங்க” என்றார் மாமா. “உள்ள நம்ம பெரிய பொண்ணு பாத்துக்கிட்டிருக்கு.”